புணே வழியும் பம்புசெட் பத்தியும்

அரசு மின் நிறுவனம் திறமையானதா, தனியார் நிறுவனமா என்ற ஆய்வின் மரபைப் பற்றி நம் வட்டத்தின் மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து கேட்டார். தட்ட முடியவில்லை. இதை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய மூத்தவர்கள் மூவர் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். உடல்நிலை காரணமாக அவர்கள் ஒதுங்கிக்கொண்டதால்தான் இந்த வேலை என்னிடம் வந்தது. குறையிருந்தால் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் புணேயில் இந்த ஆய்வுக்கு மூன்று வழிகள் உண்டென்பதை உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூத்தது கோகலே நிறுவன வழி. 1930-ல் பொருளியலாளர் காட்கில் தொடங்கி வைத்தது. தாண்டேகரும் ரத்தும் வளர்த்தது. கோதாவரி, பிரவரா கால்வாய்களைப் பற்றிய காட்கிலின் ஆய்வு 1948-ல் வந்தது. அரசு போட்ட பணம் வீணா என்ற கேள்விக்கு அவர் கஜானா ஏட்டோடு நிற்காமல், பாசனத்தின் நேர்ப்பயனையும் மறைமுகப் பயனையும் களத்தில் இறங்கிக் கணக்கிட்டார்.

இரண்டாவது, பிரயாஸ் என்ற தன்னார்வ அமைப்பின் வழி. ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாகப் படிப்பது, கட்டண மனுவைக் கூட்டிப் பார்ப்பது, பொது விசாரணையில் எழுந்து கேட்பது. என்ரானின் தாபோல் மின்நிலைய ஒப்பந்தத்தை பிரயாஸின் கிரீஷ் சந்த்தும் நண்பர்களும் பிரித்து வைத்தபோதுதான், ஆலை தனியாருடையது, ஆபத்து மட்டும் மாநில மின்வாரியத்துடையது என்பது பலருக்கு விளங்கியது. 1999-ல் ஓடத் தொடங்கிய ஆலை 2001-ல் நின்றது.

மூன்றாவது எல்லைக்கோட்டு வழி. 1957-ல் ஃபாரெல் போட்ட விதை, 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவர் கையில் மரமானது. இருக்கும் நிறுவனங்களில் சிறந்ததை எல்லையாக வைத்து, மற்றவை எவ்வளவு பின்தங்கின என்று அளப்பது. இது இங்கே பிறந்ததல்ல. ஆனால் இப்போது இங்கே இதுதான் ராஜ்யம்.

என் ஆசான் இம்மூன்றில் எதிலும் முழுக்க அடங்காதவர். அவர் பெயரை அச்சில் போட்டால் அவருக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். வாரியத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பிறகு பொருளியல் படித்தவர். சிரூர் பக்கம் ஒரு கரும்புக் காட்டில், டிரான்ஸ்பார்மர் அடியில், மதிய வெயிலில் என்னை நிறுத்தினார். பதிவேட்டில் அந்த மோட்டார் 5 எச்.பி. தகட்டிலும் 5 தான். மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டச் சொன்னார். முள் 5-க்குரிய இடத்தைத் தாண்டி ஓடியது. "மோட்டார்ல கம்பியை மறுசுற்றுச் சுற்றியிருக்கான். இப்ப சொல்லு, உன் அட்டவணைல இது எத்தனை யூனிட்?" என்றார். அடுத்த கிணற்று மோட்டார் எரிந்து மூன்று மாதமாகக் கிடந்தது. அதற்கும் பதிவேட்டில் ஓட்டம் இருந்தது.

மீட்டர் இல்லாத பம்புசெட்டுக்கு எச்.பி. கணக்கில்தான் பில். யூனிட் என்பது மதிப்பீடு. வாரியம் 100 யூனிட் அனுப்பி, மீட்டரில் 50 பதிவாகி, பம்புசெட்டுக்கு 30 என்று எழுதினால் இழப்பு 20. பம்புசெட் உண்மையில் 15 தான் குடித்ததென்றால் இழப்பு 35. பேனா முனையில் திறமை கூடும், குறையும். இது கற்பனையல்ல. 2000-ல் மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம் பம்புசெட் மதிப்பீட்டை வெட்டியபோது, வாரியம் அதுவரை சொல்லிவந்த இழப்பு கிடுகிடுவென ஏறியது. ஒடிசாவில் 1999-ல் மின் விநியோகத்தைத் தனியாருக்கு விற்றபோதும் தொடக்க இழப்பைக் குறைத்து மதித்திருந்தார்கள். வாங்கியவர் சறுக்கினால் அதில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு பழைய கணக்குடையது?

ஆய்வுகள் தரும் தீர்ப்பும் ஒரே பக்கமாக இல்லை. கனடாவின் அரசு ரயிலையும் தனியார் ரயிலையும் 1980-ல் ஒப்பிட்ட கேவ்ஸும் கிறிஸ்டென்சனும், போட்டி இருந்தால் உடைமை பெரிதல்ல என்றார்கள். 2002-ல் மின் விநியோகம் தனியார் கைக்குப் போன டெல்லியில் பாதிக்கு மேல் இருந்த இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது உண்மை. பிவண்டியிலோ 2007 முதல் கம்பியும் கம்பமும் அரசு நிறுவனமான மகாவிதரணுடையவை, வசூல் தனியாரான டோரண்டுடையது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

இனி, சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இன்றைய இளைஞர்கள் பலர் கெட்டிக்காரர்கள். ஆனால் அண்மையில் ஒரு கருத்தரங்கில் முப்பது விநியோக நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டுக் காட்டினார்கள். அட்டவணையின் பம்புசெட் பத்தி மதிப்பீடா, அளவீடா என்று கேட்டேன். "தரவில் இருந்தது சார்" என்று பதில். எல்லையில் நிற்பவன் கணக்கே பொய்யென்றால் மற்ற இருபத்தொன்பது பேரும் பொய்யான கோலால் அளக்கப்படுகிறார்கள் அல்லவா? அட்டவணைத் தலைப்பில் அலகு இல்லை. நிதியாண்டா, நாட்காட்டி ஆண்டா என்ற குறிப்பில்லை. மூன்றாம் தசமம் வரை திறன்! களப் புத்தகம் யாரிடமும் இல்லை. பென்சில் கூட இல்லை. தேநீர் இடைவேளையில் அந்த அரங்கின் மீட்டர் எங்கே இருக்கிறதென்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நாகரிகம் இப்படித்தான் அழியும் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன். மறுநாள் காலை கொஞ்சம் அதிகம் என்று பட்டது, ஆனாலும் அடிக்கவில்லை.

இளைய உறுப்பினர்களுக்கு ஒரே வேண்டுகோள். அரசா, தனியாரா என்று தீர்ப்புச் சொல்லுமுன் பம்புசெட் பத்தியின் அடியில் "மதிப்பீடு" என்று ஒரு சொல் எழுதுங்கள். ஆசானின் டாங் டெஸ்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யார் கேட்டாலும் இரவல் தருகிறேன். திருப்பித் தர வேண்டும்.