இன்சார்ஜ் சிஸ்டரின் சாவிக்கொத்து

காலை ஏழரை மணி. நைட் டூட்டி சிஸ்டர் கட்டில் கட்டிலாக ஓவர் கொடுத்துக்கொண்டு வருகிறார். நாலாம் கட்டில், நேற்று ஆபரேஷன், யூரின் குறைவு. பதினொன்றாம் கட்டில், சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டாயிற்று. இன்சார்ஜ் சிஸ்டர் நிற்கிறார். "போட்டீங்க சரி, பெரியவர் ராத்திரி சாப்பிட்டாரா?"

கேஸ் ஷீட்டில் அதற்குப் பதில் இல்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜன் சில வாரங்களில் அடுத்த துறைக்குப் போய்விடுவார். சீஃப் ரவுண்ட்ஸ் முடித்து ஓ.பி.க்கோ தியேட்டருக்கோ போய்விடுவார். வார்டின் ஞாபகம் சிஸ்டரிடம்தான் தங்குகிறது. பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் அவசரத்தில் அப்படி எழுதிவிட்டால், "டாக்டர், இதை டிரிப்ல கலந்துதானே போடுவோம்?" என்று சந்தேகம் கேட்பதுபோல சிஸ்டர் திருத்துவார். அழகான சாமர்த்தியம். ஆனால் எனக்கு இதில் உறுத்தலும் உண்டு. இருபது வருட சர்வீஸ் உள்ளவரே தெரிந்ததைத் தெரியாததுபோலக் கேட்க வேண்டியிருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்குக் காத்திருக்கும் இளைய செவிலியர் அதையாவது கேட்பாரா?

டூட்டி சார்ட்டும் இன்சார்ஜ் கையில்தான். பயிற்சி மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். அவ்வளவு பேர் இல்லாமல், கையில் இருக்கும் ஆட்களை வைத்து மூன்று ஷிப்டையும் ஓட்டுபவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேண்டியவருக்குப் பகல், வேண்டாதவருக்கு இரவு என்று சார்ட் போடுபவரும் உண்டு. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை.

பெரிய கோளாறு இன்சார்ஜின் சாவிக்கொத்தில் இருக்கிறது. பி.பி. கருவி, பெட்ஷீட், ஆக்சிஜன் ரெகுலேட்டர் எல்லாம் அவர் பெயரில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கிழிந்த பெட்ஷீட்டைக்கூடக் கண்டம் செய்ய, அதாவது கழித்துவிட, அனுமதி வரும்வரை மூட்டை கட்டி வைக்க வேண்டும். அதனால் நல்ல பி.பி. கருவி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் காற்று நிற்காத பழைய கருவியை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று திட்டுவது எளிது. ரிஜிஸ்டர் அவரை அப்படிப் பழக்கிவிட்டது.

பதவி உயர்வு பணிமூப்பில் வருகிறது. நிர்வாகப் பயிற்சி பெரும்பாலும் வருவதில்லை. வார்டுக்கு ஒரு கிளார்க் போட்டு இன்டென்ட்டையும் ஸ்டாக்கையும் அந்தக் கிளார்க்கிடம் தள்ளலாம். அவசர மருந்து டிரேயும் ஒரு நல்ல பி.பி. கருவியும் பூட்டுக்கு வெளியே இருக்கட்டும். பதினோரு மணிக்குப் பெட்ஷீட் எண்ணிக்கொண்டிருக்கும் சிஸ்டர், அந்த நேரத்தில் பதினொன்றாம் கட்டிலுக்கு இன்னொரு தடவை போய்வருவார்.