அரளி இலையடியில் வெள்ளிக் குமிழ்

வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு, மெருகிட்ட வெள்ளிக் குமிழ்போல அரளி இலையடியில் தலைகீழாகத் தொங்கும். சித்தையன்கோட்டையை ஒட்டிய திண்டுக்கல் சமவெளியின் அரளிச் செடிகள் அதற்கு ஏற்ற இடம். இலை தின்று கொழுத்த புழு, இலையில் பட்டிழையால் சிறு மெத்தை நெய்து, பின்கால்களால் அதைப் பற்றித் தொங்கித் தோலை உரிக்கும். உரியும்போதே வால்நுனிக் கொக்கிகளை மெத்தையில் மாட்டிக்கொள்ளும். அந்த நொடிநேரப் பிடிமாற்றத்தின் லாவகம் தனி அழகு.

முதலில் வெளிறியிருக்கும் மேலோடு ஓரிரு நாளில் மின்னத் தொடங்கும். அதில் உலோகமோ சாயமோ இல்லை. நுண்ணிய அடுக்குகள் பல சேர்ந்து ஒளியைத் திருப்புகின்றன. உள்ளே புழுவின் தசைகள் பெருமளவு கரைய, சிறகும் உறிஞ்சுகுழலும் பொறுமையாக உருவாகும். ஏறத்தாழ 10 நாளில் பளபளப்பு மங்கி, கருஞ்சிறகு ஓட்டினூடே தெரியும். ஓடு பிளந்து வெளிவரும் பூச்சி, கசங்கிய சிறகுகளுக்குள் உடல்நீரைச் செலுத்தி விரித்து, உலர்ந்தபின் பறக்கும்.