‘நிரப்பி’ என்னும் சொல் பொருந்துமா?

பிளாஸ்டிக்கிற் கலக்கும் தூளுக்கு நம் அறிவியல் எழுத்தாளர்கள் ‘நிரப்பி’ என்ற சொல்லை ஆண்டு வருகின்றனர். சுண்ணாம்புத் தூளையும் மரத்தூளையும் கலந்து விலையைக் குறைக்கும் தொழிலுக்கு அச்சொல் பழுதற்றதே. நூற்றுக்கு இருபது முப்பது பங்கு இடத்தைத் தூளே பிடித்துக்கொள்கிறது. ஆனால், அதன் முன் ஓர் ஒட்டைச் சேர்த்து ‘நானோ நிரப்பி’ என்று எழுதும்போது சொல் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமும் இழுக்கின்றன.

பாலியெஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் ஆகிய இருவர் கண்ட ‘பெட்’ என்னும் வகையே இன்று துணிநூலாகவும் பானப் போத்தலாகவும் உலவுவது. இதனுடன் மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண்ணைக் கலப்பதுண்டு. அம்மண் ஏடு ஏடாக அமைந்தது. ஓர் ஏட்டின் கனம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகக் கூறிட்டால் வரும் ஒரு கூறு. ஏடுகள் முற்றும் பிரிந்துவிட்டால், ஒரு கிராம் மண்ணிலிருந்து 700 சதுர மீட்டர் அளவிற் பரப்பு கிடைக்கும். ஆகவே நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே போதும், பிளாஸ்டிக் விறைப்பேறும். போத்தலின் சுவரில் ஏடுகள் படுக்கையாக அமைந்தால், கரியமில வாயு நேர்வழி காணாமல் வளைந்து வளைந்தே வெளியேற வேண்டும். இங்கே நிரப்பப்பட்டது எது? குடம் பாலுக்குச் சிறு கரண்டி உறைமோர் இடுகிறோம்; அதைப் ‘பால் நிரப்பி’ என்பாருண்டோ? (உறைமோர் பெருகும், களிமண் பெருகாது, உவமை அளவோடு நின்றுவிடும்.)

சொற்குற்றம் வகுப்பறையிற் பொருட்குற்றமாகிறது. நிரப்புவது என்றால் மிகுதியாக இட்டால் மிகுதியான பயன் என்றே மாணவன் கொள்வான். உண்மையோ நேர்மாறு. அளவு மிகுந்தால் ஏடுகள் பிரியாமற் கட்டிபட்டு, பொருள் எளிதில் முறியும். அப்போது அது வெறும் நிரப்பியே. பழைய பெயர் அதற்கு நன்றாகப் பொருந்தும்!

நம் கட்டுரைகளில் மற்றொரு குறையும் உண்டு: பயன்களை மட்டும் பாடுவது. 1980களில் ஜப்பானில் டொயோட்டா ஆய்வாளர்கள் நைலானிற் பெற்ற வெற்றியை அப்படியே பாலியெஸ்டருக்கும் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. களிமண் நீரை நாடுவது. பிளாஸ்டிக்கோடு அது எளிதில் இணங்காது. இணக்கத்திற்காக ஏடுகளிற் சேர்க்கும் அம்மோனிய உப்புகள் பல 200 டிகிரி வெப்பத்திலேயே சிதையத் தொடங்குகின்றன. ‘பெட்’ உருகுவதோ ஏறக்குறைய 260 டிகிரியில். விளைவாக நிறம் மஞ்சளிக்கும். நீண்ட மூலக்கூறுகளும் அறுபடும். இதைச் சொல்லாத கட்டுரையை விளம்பரம் என்றே சொல்ல வேண்டும்.

‘வலுவூட்டி’ என்று மாற்றலாமே என்பர் சிலர். வாயுவைத் தடுப்பது வலுவாகுமா? நம் வைத்தியர் வழங்கும் ‘சேர்மானம்’ என்ற சொல்லை யான் பரிந்துரைப்பேன். ‘நுண்ணேடு’ என்பதும் அழகிய சொல்லே. ஆயினும் அது களிமண்ணோடு நின்றுவிடும். கரிமத்தால் ஆன நானோக் குழல்கள், மின்சாரம் பாயாத பாலியெஸ்டரில் நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவிலேயே மின்சாரம் பாயச் செய்வன. குழலை ஏடு என்னல் ஆகாது, சேர்மானம் என்னலாம்.