தனி வயலினும் துணைக்குழுவும்: இடைநிலை மாணாக்கர்க்குரிய உருப்படி

மேனாட்டிசை பயிலும் மாணாக்கன் தந்தி வாத்தியக் குழுவின் துணையுடன் முதன்முறை மேடையேறுங்கால் எவ்வுருப்படியை வாசித்தல் தகும் என்னும் வினா பெரும்பாலும் அவனது விரல்வன்மை ஒன்றைக் கொண்டே தீர்க்கப்படுகின்றது. இம்முறை குறையுடையது. பின்னே அமர்ந்து வாசிப்போரும் மாணாக்கரேயாதலின், அவர்தம் ஆற்றலை எண்ணாத தேர்வு அரைத் தேர்வேயாம்.

கருநாடக இசைக்குப் பழகிய செவிக்கு இவ்வமைப்புச் சிறிது புதுமையாகத் தோன்றும். ஆங்கே வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம். ஈங்கோ வயலினுக்கு வயலின்களே பக்கவாத்தியம். நாதம் ஒன்றேயாதலின், தனி வயலின் குழுவினுள் எளிதில் அமிழ்ந்துவிடும்.

றீடிங் என்பார் இயற்றிய பீ மைனர் கொன்சேர்ட்டோ முழுவதும் முதலாம் நிலையிலேயே வாசிக்கத்தக்கது. ஆயினும் அது பியானோத் துணைக்கென எழுந்தது. பியானோவுக்குரியதைத் தந்திகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பிறர் சட்டையை அணிவது போன்றதே. பாக் இயற்றிய ஏ மைனர் கொன்சேர்ட்டோ தந்தி வாத்தியங்களுக்கே உரியது, பெருமையிலும் குறைந்ததன்று. ஆனால் அதன் இறுதிப் பகுதியில் குழுவினர் ஒருவரையொருவர் தொடர்ந்து நுழைகின்றனர். ஒருவர் தவறின் யாவரும் தடுமாறுவர். தனி வாசிப்பவன் ஆயத்தமாயிருப்பினும் குழு ஆயத்தமாயிராது.

எஞ்சுவது விவால்டி. அவர் 1703ஆம் ஆண்டு முதல் வெனிஸ் நகரத்துப் பியெற்றா என்னும் அநாதை இல்லத்தில் சிறுமியர்க்கு வயலின் கற்பித்தவர். 1711இல் அம்ஸ்ரடாமில் அச்சான அவரது மூன்றாம் தொகுதியில் பன்னிரண்டு கொன்சேர்ட்டோக்கள் உள. அவற்றுள் ஆறாவதாகிய ஏ மைனர் கொன்சேர்ட்டோவே இந்நோக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. குழு முழுவதும் சேர்ந்து ஒரு கருப்பொருளை முழக்கும், பின்னர் அடங்கும், தனி வயலின் மேலெழும், மீண்டும் அக்கருப்பொருள் வேறு சுருதிநிலையில் திரும்பும். பல்லவி மீண்டும் மீண்டும் வருதல் போன்ற இவ்வமைப்பினால், வழி தவறிய குழுவும் அடுத்த முழக்கத்தில் ஒன்றுசேர வாய்ப்புண்டு. பாக்கின் இறுதிப் பகுதியில் இவ்வாய்ப்பு அரிது. மூன்றாம் நிலைக்கு விரல்களைப் பெயர்க்கக் கற்ற மாணாக்கனுக்குத் தனிப்பங்கும் எட்டாததன்று.

பதிப்பிலே கவனம் வேண்டும். நாச்சேஸ் என்னும் ஹங்கேரிய வயலின் வித்துவான் தம் காலத்துச் சுவைக்கேற்ப மாற்றியமைத்த பாடம் பரவலாக வழங்கி வருகின்றது. தனிப்பங்கை அதிலிருந்தும் குழுப்பங்குகளை மூலத்திலிருந்தும் எடுத்தால் இரண்டும் ஒத்துவாரா. ஒத்திகைக்கு முன் இதனைச் சரிபார்க்காத ஆசிரியர் பின்னர் வருந்துவர்.

மற்றொன்று. சுசுக்கியின் புகழ்பெற்ற பயிற்சி நூல்வரிசையின் நான்காம் புத்தகத்தில் முதலாம், மூன்றாம் பகுதிகளே இடம்பெற்றன. நடுப்பகுதியாகிய மந்தகதி லார்கோ விடப்பட்டது. விரைவை மட்டும் திறமையெனக் கொள்ளும் மனப்பான்மையை இவ்விடுகை வளர்த்துவிடக்கூடும். வில்லை நீள இழுத்து ஒரு சுரத்தை நிறுத்தும் பக்குவம் அந்த லார்கோவிலன்றோ வெளிப்படும்! மேடையில் அதனை விலக்குதல் கூடாது. நேரங் குறைவெனின் இறுதிப் பகுதியை விடலாம். தனி வயலின் ஒலிக்கும் இடங்களில் ஒவ்வொரு பங்கிற்கும் இருவரோ மூவரோ மட்டும் வாசிக்க, ஏனையோர் வில்லைத் தாழ்த்தி இருத்தல் நன்று. ஹார்ப்சிகோட் இல்லாத மண்டபத்தில் பியானோவை மெல்லெனத் தொட்டு வாசிப்பின் அது போதும்.