‘புற உலகச் சிந்தனையற்ற’ நிலையா? ஆட்டிசச் சொல்லாட்சியும் ‘ஹரிதாஸ்’ காட்டும் வகுப்பறையும்

முன்னுரை

ஆட்டிசத்தைக் குறிக்கத் தமிழக அரசு வழக்கில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்னும் தொடர் பயின்று வருகிறது. ஒரு நிலைக்கு இடப்படும் பெயர், அந்நிலையினரைச் சமூகம் எங்கே நிறுத்தியுள்ளது என்பதையும் உணர்த்தும். இச்சொல்லாட்சியையும், ஆட்டிசச் சிறுவனை மையமாகக் கொண்டு ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’ (2013) திரைப்படத்தையும் இணைத்து நோக்குகிறது இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது ஆட்டிசம். 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளின் நிலையை விவரித்தபோது, பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டையே முதன்மைப்படுத்தினார். தமிழ்த்தொடர் இதனினும் ஒருபடி மேலே சென்று, புற உலகம் பற்றிய சிந்தனையே இல்லை என்கிறது. ஆனால் 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை புரிதலையும் ஆட்டிசத்தின் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை புற உலகை அறியாததன்று. அதன் மிகுதியைத் தாங்க இயலாதது. ‘மதியிறுக்கம்’ என்பதும் பொருந்தாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) வரையறுக்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் தனித்தனியே இடம்பெறுகின்றன.

திரையின் வகுப்பறை

‘ஹரிதாஸ்’ சிறுவனை நகைப்புக்குரியவனாக்கவில்லை. பொதுப்பள்ளிக்கே அவனை அழைத்துச் செல்கிறது. தமிழ்த் திரைமரபில் இது குறிப்பிடத்தக்கது. எனினும், வகுப்பறையில் அவனுக்குத் துணையாக அமர்பவர் தந்தை. பின்னர் அவனுக்கு மதிப்பை ஈட்டித் தருவது ஓட்டத்திறன். அதாவது, இணக்கத்தின் சுமை குடும்பத்தின் மீதும், தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு குழந்தையின் மீதும் விழுகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, மாணவரின் தேவைக்கேற்பக் கற்பித்தல் முறையே தகவமைய வேண்டும் என்கிறது. ஓடத் தெரியாத குழந்தைக்கும் அவ்வுரிமை உண்டு.

பொன்னேரியும் நடைமுறையும்

திரைத்தந்தைக்கு வாய்த்த நேரம் எல்லாப் பெற்றோருக்கும் வாய்ப்பதில்லை. பொன்னேரியை அடுத்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஷிப்டு முறையில் உழைப்போர் பலர். ஒரு நாள் பள்ளியில் அமர்ந்தால் ஒரு நாள் கூலியை இழப்போரும் அவர்களுள் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளரின் குழந்தை பேசாதிருப்பின், தமிழ் அறியாமையே காரணமெனக் கருதப்பட்டு, ஆட்டிசம் கண்டறியப்படாமலே போகக்கூடும். இத்தகைய ஊரில் பெற்றோரின் தியாகத்தை நம்பி உள்ளடக்கிய கல்வியைக் கட்டமைக்க இயலாது. சிறப்பாசிரியரின் தொடர்ந்த வருகை, அன்றாட நிகழ்வுகளைப் படங்களாகக் காட்டும் அட்டவணை, இரைச்சல் மிகும்போது ஒதுங்க ஓர் அமைதியான மூலை, மாற்றங்களை முன்கூட்டியே தெரிவித்தல் ஆகியவை பள்ளியின் இயல்பான ஏற்பாடுகளாக வேண்டும்.

முடிவுரை

‘சிந்தனையற்ற’ என்னும் அடை, குறையைக் குழந்தையிடம் வைக்கிறது. திரைப்படம் தீர்வைத் தந்தையிடம் வைக்கிறது. இரண்டிலும் மாறாமல் நிற்பது வகுப்பறை. ஆட்டிச நிலையினர் புற உலகை நினைப்பதில்லை என்பதினும், புற உலகம் அவர்களை நினைத்து அமைக்கப்படவில்லை என்பதே பொருத்தமான கூற்று. ‘ஆட்டிச நிலை’ என்ற எளிய பெயரை அரசு ஆவணங்கள் ஏற்பது இம்மாற்றத்தின் முதற்படியாகும்.