நீதியும் அதனை நாடும் நெறியும்: தோரா, திருக்குறள், சிலப்பதிகாரம்

முன்னுரை

தில்லியில் உச்ச நீதிமன்றம் 1958 முதல் இயங்கிவரும் கட்டடம் துலாக்கோலின் வடிவை உட்கொண்டு அமைக்கப்பட்டதாகும். அந்நகரின் ஹுமாயூன் சாலையில் 1956இல் எழுந்த யூதா ஹயாம் தொழுகைக்கூடம் தோரா ஓதப்படும் இடமாகும். துலாக்கோலை நடுவுநிலைமைக்கு உவமையாக்கியவர் வள்ளுவர்; கள்ளத் தராசை விலக்கியது தோரா. இவ்விரு மரபுகளின் ஒப்புமைகளைப் பட்டியலிடுவது எளிது. நீதியை நாடும் வழியில் பேராசை எவ்வாறு நுழைகிறது என்பதை அவை காணும் விதத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கண்ணும் முகமும்

இணைச்சட்டத்தின் 16ஆம் அதிகாரம் நீதிபதிக்கு மூன்றினை விலக்குகிறது: நீதியைத் திரித்தல், முகம் பார்த்தல், கையூட்டுப் பெறுதல். கையூட்டு அறிவுடையோரின் பார்வையையே பறிக்கும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். அங்கு நீதி என்னும் சொல் இருமுறை அடுக்கி வருகிறது. அவற்றுள் ஒன்று தீர்ப்பையும் மற்றொன்று இணக்கத்தையும் குறிக்கும் என்பது தால்முத் தரும் விளக்கம். நீதியை நீதியான வழியிலேயே நாட வேண்டும் என்று பிற்கால உரைமரபு பொருள் கொண்டது.

வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளிலேயே முறை செய்வோனுக்குக் கண்ணோட்டத்தை விலக்குகிறார். ஆயின் கண்ணோட்டத்தைப் போற்றத் தனி அதிகாரமும் வகுத்துள்ளார். இது முரண் அன்று. கடமை சிதையாத கண்ணோட்டமே அவர் உடன்படுவது. எளியவன் என்பதற்காகவும் ஒருபால் சாயலாகாது என்னும் லேவியர் நூலின் விதியும் இதனோடு ஒத்தது. எனினும் நுண்ணிய வேறுபாடு ஒன்று உண்டு. இணைச்சட்டம் முதன்மையாக அஞ்சுவது கையூட்டால் பார்வை இழந்த கண்ணை. குறள் அஞ்சுவது அன்பால் ஒருபால் ஓடிய கண்ணை. நடுவுநிலை நீங்கி வரும் ஆக்கம் நன்மையே தரினும் அதனைக் கைவிட வேண்டும் என்னும் குறட்கருத்து, பேராசையின் வாயிலையும் அடைத்துவிடுகிறது.

நாபோத்தும் கோவலனும்

அரசர் நூல் கூறும் நாபோத்தின் வரலாறு இதற்குக் கடுமையான சான்று. ஆகாப் மன்னன் விரும்பிய திராட்சைத் தோட்டத்தை நாபோத் தர மறுக்கிறான். அரசி ஈசபேல் அரச முத்திரையிட்ட மடல்களை அனுப்புகிறாள். நோன்பு அறிவிக்கப்படுகிறது, இரு சாட்சிகள் நிறுத்தப்படுகின்றனர், நாபோத் கல்லெறிந்து கொல்லப்படுகிறான். சட்டம் கோரிய சாட்சி எண்ணிக்கை நிறைவுற்றது; நீதி மட்டும் இல்லை. மதுரையிலோ நிலை வேறு. பொற்கொல்லன் தன் களவை மறைக்கச் சொன்ன சொல்லை நம்பிய பாண்டியன், விசாரணையின்றியே கோவலனைக் கொல்விக்கிறான். அங்கே விசாரணை பொய்த்தது. இங்கே விசாரணையே இல்லை. இரண்டிலும் பிறர் பொருள்மேல் கொண்ட ஆசையே வித்து.

பிழை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறக்கிறான். எலியாவின் கண்டனத்தால் ஆகாப் தன்னைத் தாழ்த்திக்கொள்ள, அவன் குடிக்குரிய தண்டனை அவன் மகன் காலத்திற்குத் தள்ளப்படுகிறது. காப்பியத்தில் மன்னன் தானே தனக்கு நீதிபதியாகிறான். எபிரேய மறையில் மன்னனுக்கு மேலும் ஒரு நீதிமன்றம் உண்டு.

முடிவுரை

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நூலகத்தில் உள்ள, 2024இல் பரவலாகப் பேசப்பட்ட நீதித்தேவதை சிலைக்குக் கண்கட்டு இல்லை. இம்மரபுகளின் நோக்கில் இது பொருத்தமே. நீதிக்கு வேண்டுவது கட்டப்பட்ட கண் அன்று. விலைபோகாத, ஒருபால் ஓடாத கண். முறைமை வழுவாத வழக்கிலும் பேராசை அமர்ந்திருக்கக்கூடும் என்பதே நாபோத்தின் குருதி தரும் எச்சரிக்கை எனலாம்.