இலை உதிர்ந்த பின் ஒரு மேப்பிள்

மேப்பிள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அக்டோபரில்தான் நர்சரிக்குப் போகிறார்கள். எந்தக் கன்று அதிகம் சிவந்திருக்கிறதோ அதைக் கைகாட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்புக்கு ஈடு சொல்ல எனக்கும் வேறு மரம் தெரியாது. ஆனால் அது சில வாரக் காட்சி. காற்றோடு ஒரு மழை வந்தால் ஓர் இரவில் தரைக்கு இறங்கிவிடும். டொராண்டோ போன்ற ஊரில் அதன்பின் ஏப்ரல் கடைசிவரை ஜன்னல் வழியே தெரிவது வெறும் கிளைதான். அதனால் வீட்டுத் தோட்டத்துக்கு மேப்பிள் தேடுகிறவர்கள் இலையைக் கடைசியில் பாருங்கள் என்பேன். முதலில் பட்டையைப் பாருங்கள். பிறகு கிளை விரிந்திருக்கும் விதம், மொட்டு, தளிர், காய். இத்தனையும் பிடித்துப்போனால் இலையின் நிறம் அந்த மரத்தோடு தானே வந்து சேரும்.

தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஸ்கார்பரோ, மார்க்கம் தெருக்களில் மேப்பிளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே நிற்பவற்றில் பல, வீட்டு முற்றத்துக்குப் பொருந்தாத பெருமரங்கள். பாகு தரும் சர்க்கரை மேப்பிள் 25 மீட்டரைத் தாண்டி வளரும். ஐரோப்பாவிலிருந்து வந்த நார்வே மேப்பிளின் அடர்ந்த நிழலில் புல்கூட எழும்பாது. அதன் வேர்கள் மேல்மண்ணை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டின் இலையும் தூரப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இலைக்காம்பைக் கிள்ளினால் வித்தியாசம் தெரிந்துவிடும்: நார்வே மேப்பிளில் பால் வரும், சர்க்கரை மேப்பிளில் வராது. கனடாவின் புதிய பிளாஸ்டிக் பணத்தாள்கள் வந்தபோது, அவற்றில் இருப்பது நாட்டு மேப்பிள் இலை அல்ல, நார்வே மேப்பிள் இலை என்று 2013இல் தாவரவியலாளர்கள் சொன்னார்கள். மடல்களின் விளிம்பையும் முனையையும் அவ்வளவு உற்றுப் பார்த்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மேப்பிளை ரசிப்பதற்கு வேண்டிய கண் அதுதான்.

உலகில் ஏறக்குறைய 130 மேப்பிள் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆசியாவைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் யோசிக்கவே மாட்டேன். காகிதப்பட்டை மேப்பிள்தான். தாவரவியலில் ஏசர் கிரிசியம்.

நடுச்சீனத்து மலைக்காடுகளில் வளரும் சிறுமரம் இது. இங்கிலாந்தின் வீச் நர்சரிக்காரர்கள் எர்னெஸ்ட் வில்சன் என்ற இளைஞரை 1899இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். கைக்குட்டைகளைத் தொங்கவிட்டதுபோல் வெண்ணிறப் பூவடிச் செதில்கள் ஆடும் டேவிடியா மரத்தின் விதையைக் கொண்டுவருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அந்த விதையோடு வேறு பல செடிகளும் வந்தன. 1901இல் அவர் வழியாக மேற்குலகுக்கு வந்தது இந்த மேப்பிள். பின்னர் பாஸ்டனின் ஆர்னால்ட் மரத்தோட்டத்துக்காக மறுபடி சீனா போனபோதும் இதன் நாற்றுகளை அனுப்பிவைத்தார்.

இதன் அழகு முழுவதும் தண்டில் இருக்கிறது. நம் ஊர்க் கொய்யாவும் பட்டை உரிக்கும். ஆனால் உரிந்ததைக் கீழே உதிர்த்துவிட்டு வழவழவென்று நின்றுவிடும். காகிதப்பட்டை மேப்பிள் உரித்ததை விடுவதில்லை. மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து, கிடைமட்டமாகச் சுருண்டு, ஓரம் மட்டும் தண்டைப் பிடித்தபடி மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே பழைய ஏடு மங்கிய பழுப்பு. அதன் அடியில் புதிதாக வெளிப்பட்ட தோல் இலவங்கப்பட்டையின் செம்பழுப்பு, தொட்டால் மெருகேற்றியது போல வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் இன்னும் முழுதாகப் பிரியாத ஏட்டின் அடிவிளிம்பில் லேசான ஊதாச்சாயல்கூடத் தென்படும். இவ்வளவும் ஒரு கையகல இடத்தில்.

இந்த ஏடுகள் ஒளியை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியவை. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே நகர்கிறது. மரத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சாய்வான வெயில் வந்தால், சுருண்ட ஒவ்வோர் ஏடும் உள்ளிருந்து ஒளிர்வதுபோல ஆரஞ்சாகத் துலங்கும். முன்னாலிருந்து வெயில் விழுந்தால் இந்த மாயம் நடக்காது. நல்ல பழுப்பு நிறத் தண்டு என்று மட்டும் தோன்றும். ஆகவே இம்மரத்தை எங்கே நடுவது என்ற கேள்விக்கு விடை அளவுநாடாவில் இல்லை. நீங்கள் வழக்கமாக உட்காரும் ஜன்னலுக்கும் மாலைச் சூரியனுக்கும் நடுவே மரம் நிற்க வேண்டும். பின்புலத்தில் வெள்ளை வேலியோ பளிச்சென்ற சுவரோ இல்லாமல், பசுமை மாறாத ஊசியிலைச் செடி வரிசை இருந்தால் இன்னும் நல்லது. கரும்பச்சைக்கு முன்னால் செம்பழுப்பு எடுப்பாகத் தெரியும்.

பட்டையில் மயங்கி இலையை மறந்துவிடக் கூடாது. மேப்பிள் என்றால் கைவிரல் விரித்த இலை என்று பழகிய கண்ணுக்கு இது புதிராக இருக்கும்: ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், விளிம்பில் மழுங்கிய பற்கள், மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் மென்மயிரோடு நீலம் கலந்த சாம்பல். காற்று இலையைத் திருப்பும்போதெல்லாம் மரம் சற்று வெளுத்து மீள்கிறது. மற்ற மேப்பிள்கள் உதிர்த்து முடித்த பிறகுதான் இது நிறம் மாறத் தொடங்கும். தெருவே காலியான பின் இதன் செம்மை தனியாக நிற்பதைப் பார்க்கவே ஒன்றை நடலாம்.

பட்டை அழகில் இன்னொரு குலம் பாம்புப்பட்டை மேப்பிள்கள். பச்சைத் தண்டு, அதில் நீளவாக்கில் வெண்கோடுகள். தண்டு பருக்கப் பருக்கப் பச்சைத் தோல் நெகிழ்ந்து அந்த வரிகள் விரியும். இவற்றில் பெரும்பாலானவை கிழக்காசியாவைச் சேர்ந்தவை. ஏசர் டேவிடியை என்ற சீன இனம் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரைத் தாங்கியது. பாண்டாக் கரடியை 1869இல் மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியவரும், வில்சன் தேடிப்போன டேவிடியா மரத்தின் பெயருக்குரியவரும் அவரே. ஒரே மனிதரின் பெயர் இத்தனை அழகுகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த செய்தி.

வட அமெரிக்காவுக்கென்று இந்தக் குலத்தில் இருப்பது ஒன்றுதான்: வரிமேப்பிள், ஏசர் பென்சில்வேனிகம். ஒண்டாரியோவின் காடுகளில் பெருமரங்களின் காலடி நிழலில் வாழப் பழகியது. வடக்குப் பார்த்த, வெயில் படாத பின்முற்றம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சிறுமரம் கிடைப்பது அரிது. இலை வாத்தின் பாதம்போல் மூன்று மடலாக அகன்று, நிழலில் தெறிக்கும் சிறு வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். இந்த இனத்தில் அதே மரம் ஒரு வருடம் ஆண் பூவும் மறு வருடம் பெண் பூவும் பூக்கக்கூடும். நோயும் காயமும் பட்டுத் தளர்ந்த மரங்களில் பெண் பூ அதிகம் காணப்படுவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதன் எரித்ரோகிளாடம் என்ற வகையில் இளங்கிளைகள் குளிர் ஏற ஏறப் பவளச் சிவப்பாகும். வெண்கோடு மட்டும் அப்படியே இருக்கும். பனிக்கு மேலே அந்தச் சிவப்பும் வெள்ளையும் தெரிவதற்கு ஈடாகக் கடையில் விற்கும் எந்த விளக்கு அலங்காரமும் எனக்குத் தோன்றியதில்லை.

ஜப்பானிய மேப்பிளுக்கு வந்தால், அங்கே நயம் முழுக்க இலையிலும் கிளையமைப்பிலும் ஒதுங்கிக் கிடக்கிறது. துன்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 18ஆம் நூற்றாண்டில் அதற்கு ஏசர் பால்மாட்டம் என்று பெயரிடுவதற்கு முன்பே எடோ நகரத்து நர்சரிக்காரர்கள் அதன் வகைகளைப் பெயர் சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரின் இட்டோ இஹெய் குடும்பத்துத் தோட்டக்காரர்கள் 1695இலும் 1710இலும் வெளியிட்ட நூல்களில் மேப்பிள் வகைகள் பதிவாகியிருக்கின்றன. இன்று பெயருள்ள வகைகள் ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்பட்டால் தோட்டம் கண்காட்சியாகிவிடும். ஒன்றிரண்டு போதும், அவையும் ஒன்றின் அழகை மற்றது தின்னாதவையாக இருக்க வேண்டும்.

கோட்டோ நோ இட்டோ என்ற வகையின் இலை, நூல்போல் மெலிந்த ஐந்தாறு மடல்கள் மட்டுமே. காற்றில்லாத நாளிலும் லேசாக அசையும். ஷிஷிகஷிராவோ அதற்கு நேர் எதிர்: சுருங்கி மடிந்த சிற்றிலைகள் கிளைநுனியில் கொத்துக்கொத்தாக நெருங்கி, அடுக்கடுக்காகத் தோன்றும். மெல்லத்தான் வளரும், தொட்டியில் வைத்துப் பல ஆண்டு பார்க்கலாம். சங்கோ காகு பவளத்தண்டு வகை. குளிரில் சிவக்கும், ஆனால் வயதேறிய கிளைகளில் அந்தச் செம்மை மங்கிவிடும். கடுங்குளிர் ஊர்களில் இதன் நுனிக்கிளைகள் கருகுவதும் உண்டு. ஏசர் பால்மாட்டத்தின் சகோதர இனமான ஏசர் ஜப்பானிகத்தில் மைக்குஜாக்கு என்றொரு வகை. அதன் பெயர் ஆடும் மயிலைக் குறிக்கும். ஆழமாகப் பிளந்த இலை விரிந்து, பிளவுகளுக்குள் மேலும் பிளந்து நிற்பதைப் பார்த்தால் பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை என்று புரியும்.

இந்த வகைகளின் தளிர்க்காலத்தைப் பலர் கவனிப்பதில்லை. மொட்டுச் செதில்கள் விலக, மடக்கிய விசிறிபோல் இலை வெளியே வருகிறது. மடிப்புகள் அப்போது தெளிவாகத் தெரியும். காட்சுரா என்ற வகையில் அந்த இளந்தளிர் மஞ்சள். விளிம்பில் மட்டும் ஆரஞ்சுக் கோடு. கோடையில் அது சாதாரணப் பச்சையாகிவிடும். கூடவே, இலைக்கு அடியில் சிறு சிவந்த பூக்கள் தொங்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

மேப்பிளா என்றே ஐயப்பட வைக்கும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானில் வளரும் ஏசர் கார்பினிஃபோலியத்தின் இலையில் மடலே கிடையாது. நீள்வட்டம், இணையிணையாக ஓடும் நரம்புகள், கூர்ப்பற்கள். இதை மேப்பிள் என்று காட்டிக்கொடுப்பது இலை அமர்ந்திருக்கும் விதம். கணுவில் எதிரெதிராக இரண்டு. மேப்பிள் எதுவானாலும் இந்த ஒழுங்கை மீறாது. காஷ்மீரச் சினார் மேப்பிள் இல்லை என்பதும் இப்படித்தான் தெரியும். இலை உருவில் ஒத்தாலும் அதன் இலைகள் கிளையில் மாறிமாறி அமைந்திருக்கும். இன்னொன்று காய். இரு சிறகுகள் ஒட்டிய இரட்டைக் காய். பழுத்துப் பிரிந்ததும் ஒவ்வொன்றும் சுழன்றிறங்கும். சிறகின் முன்விளிம்பில் ஒரு காற்றுச்சுழி உருவாகி விதையைத் தாங்கிப் பிடிக்கிறது, பறக்கும் பூச்சிகளும் வௌவால்களும் அதே உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன என்று 2009இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு அந்நியமாகத் தோன்றும் இந்த மரம் நம் பூந்திக்கொட்டை, முடக்கத்தான், லிச்சி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

வளர்ப்பில் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நீர் தேங்காத மண், அடியில் மூடாக்கு, அந்த மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகி. மெல்லிலை ஜப்பானிய வகைகளுக்கு மாலை வெயிலும் நேர்க்காற்றும் ஆகாது. இலை ஓரம் கருகும். சாறு ஏறும் வசந்தத் தொடக்கத்தில் கவாத்துச் செய்தால் வெட்டிய இடத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அதனால் இலை முழுதாக முற்றிய கோடையில் செய்யுங்கள். ஒட்டுச்செடி வாங்கினால் ஒட்டிய இடத்துக்குக் கீழே முளைக்கும் கிளைகளை உடனே நீக்க வேண்டும். விட்டால் வேர்ச்செடி மேலோங்கி, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வகை ஒடுங்கிப்போகும்.

காகிதப்பட்டை மேப்பிளுக்கு மட்டும் தனிக் குறிப்பு. குழந்தைகளுக்கு அந்தச் சுருள்களைப் பிய்க்கக் கை பரபரக்கும். பிரியாத ஏட்டை இழுத்தால் அடியிலிருக்கும் உயிருள்ள தோல் கிழியும். இதன் காய்கள் கொத்துக்கொத்தாகக் காய்த்தாலும் பெரும்பாலானவற்றுக்குள் விதையே இருக்காது, இருக்கும் விதையும் முளைக்க இரண்டு ஆண்டுகூட எடுத்துக்கொள்ளும். அதனால் விலை அதிகமாகத்தான் இருக்கும், முகம் சுளிக்காதீர்கள். விதையிலிருந்து வந்த கன்றுகள் ஒன்றைப்போல் ஒன்று உரிவதில்லை. சிலவற்றில் ஏடு சிறியது, சிலவற்றில் அகலமாகச் சுருளும். எனவே இலை உதிர்ந்த நவம்பரிலோ மார்ச்சிலோ நர்சரிக்குப் போய், பென்சில் பருமனுள்ள கிளைகளிலேயே சுருள் தொடங்கிவிட்டதா என்று ஒவ்வொரு கன்றாகப் பாருங்கள். அப்படித் தொடங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள், அது வரிசையில் ஆகக் குட்டையாக இருந்தாலும்.